இன்பாக்ஸுக்கும் ட்ரையாஜ் வேணும். எதை மெஷின் ஒதுக்கலாம், எதை ஒதுக்கவே கூடாது?

மெயில் ஃபில்டர் பத்தி ஒரு கவர்மென்ட் டாக்டர் எழுதணுமான்னு சிலர் கேட்பீங்க. கேளுங்க. சுகர், பிரஷர், நாய்க்கடி பத்தி எழுதுற அதே அக்கறையோடதான் இதையும் எழுதுறேன். ஏன்னு பாதி இழையிலேயே புரிஞ்சிடும். கொஞ்சம் நீளம்தான், டீ எடுத்துக்கிட்டு உட்காருங்க.

சில நாளா வாட்ஸப் குரூப்கள்ல ஒரு டிப்ஸ் சுத்துது. "உங்கள் இன்பாக்ஸை ஐந்தே நிமிடத்தில் காலியாக்குங்கள்" என்ற ரகம். விஷயம் சிம்பிள். விளம்பர மெயில் எல்லாத்துக்கும் அடியில 'அன்சப்ஸ்க்ரைப்'னு ஒரு வார்த்தை பொடி எழுத்துல இருக்கும் இல்லையா? அந்த வார்த்தை உள்ள எந்த மெயில் வந்தாலும் இன்பாக்ஸுக்குள்ள விடாம ஒரு ஃபோல்டருக்குத் தள்ளிடு, கையோட 'படிச்சாச்சு'ன்னும் குறிச்சிடுன்னு ஒரு ரூல் போட்டுக்கணும். அவ்வளவுதான். அடுத்த நாள் காலையில இன்பாக்ஸ் பளபளன்னு இருக்கும்.

இந்த டிப்ஸை நான் எதிர்க்கிறேன். ஃபில்டரே வேண்டாம்னு சொல்லல. இந்த மாதிரி ஃபில்டர் வேண்டாம்னு சொல்றேன்.

முதல்ல ஒண்ணு தெளிவா சொல்லிடறேன். ஃபில்டர் அவசியம். ஐ.சி.யூ-ல வேலை பார்த்தவங்களுக்கு 'அலாரம் ஃபடீக்' தெரியும். மானிட்டர் நாள் முழுக்கக் கத்திக்கிட்டே இருக்கும். விரல்ல மாட்டின கிளிப் நழுவினாலும் கத்தும், பேஷன்ட் புரண்டு படுத்தாலும் கத்தும். நூறு தடவை சும்மா கத்தினா, நூத்தி ஒண்ணாவது தடவை நிஜமா கத்தும்போது காது அதை வாங்காது. மனுஷ மூளை அப்படித்தான். படிக்காத மெயில் 11,000னு சிவப்புல காட்டுற போனும் கத்தியே ஓய்ஞ்சுபோன ஒரு மானிட்டர்தான். அதுல முக்கியமான ஒண்ணு வந்து விழுந்தா உங்க கண்ணுல படவே படாது.

எனக்கே தினமும் எவ்வளவு வருதுன்னு கேளுங்க. வெபினார் அழைப்பு, மருந்து கம்பெனி, கிரெடிட் கார்டு, லோன். இதுல உச்சம், பேர் தெரியாத ஜர்னல்கள். "மாண்புமிகு பேராசிரியர் அவர்களே, தங்கள் ஒப்பற்ற ஆய்வைக் கண்டு வியந்தோம், அடுத்த கட்டுரையை எங்களுக்கே அனுப்புங்கள்"னு வரும். ஐயா, நான் எம்.பி.பி.எஸ் மெடிக்கல் ஆபீசர். ஓ.பி முடிச்சுட்டு மூணு மணிக்கு சாப்பிடுறவன். ஒப்பற்ற ஆய்வு எல்லாம் ஒண்ணும் கிடையாது. கட்டுரை அனுப்பினா அடுத்த மெயில்ல பணம் கேட்பாங்க, அது வேற கதை.

இந்தக் கூட்டத்தை எல்லாம் ஒதுக்கத்தான் வேணும். எப்படி ஒதுக்குறதுங்கிறதுதான் கேள்வி. அங்கதான் எங்க கேஷுவாலிட்டில தினமும் நடக்குற ஒரு விஷயம் உதவும்.

ட்ரையாஜ். பிரெஞ்சுல 'ட்ரியே'ன்னா தரம் பிரிக்கிறது. அதுல இருந்து வந்த சொல். நெப்போலியன் படையில சர்ஜனா இருந்த லாரே, போர்க்களத்துல பதவியைப் பார்க்காம காயத்தோட தீவிரத்தைப் பார்த்து வரிசைப்படுத்தினார்னு மருத்துவ வரலாறு சொல்லும். இன்னிக்கு தமிழ்நாட்டு அரசு மருத்துவமனைகள்ல டி.ஏ.இ.ஐ வார்டுக்குப் போனீங்கன்னா சிவப்பு, மஞ்சள், பச்சைன்னு தனித்தனி இடம் இருக்கும். விபத்துல அடிபட்டு வர்றவரை முதல் சில நிமிஷத்துலயே நாடித்துடிப்பு, பிரஷர், மூச்சு, நினைவு பார்த்து ஒரு நிறத்துல போடுவோம்.

பொதுமக்களுக்கு அதிகம் தெரியாத ஒரு விஷயம் இதுல இருக்கு. ட்ரையாஜ்ல ரெண்டு விதமா தப்பு நடக்கலாம். சாதாரண கேஸைச் சிவப்புல போடுறது ஒண்ணு. சீரியஸ் கேஸைப் பச்சையில போடுறது இன்னொண்ணு. ரெண்டும் ஒரே எடை இல்ல. அமெரிக்க சர்ஜன்கள் அமைப்போட விபத்து சிகிச்சை வழிகாட்டுதல்ல, முதல் வகைத் தப்பு 25 முதல் 35 சதவீதம் வரைக்கும்கூடப் பரவாயில்லைன்னு சொல்றாங்க. ரெண்டாவது வகை 5 சதவீதத்தைத் தாண்டக் கூடாது. அதாவது சும்மா பத்து பேரைச் சிவப்புல வெச்சுப் பார்த்துட்டு அனுப்பினா நமக்குக் களைப்புதான். ஆனா வயித்துக்குள்ள ரத்தம் கசியுற ஒருத்தரைப் பச்சையில உட்கார வெச்சா உயிர் போயிடும்.

மெயில் ரூலுக்கும் இதே கணக்குதான். நாலு விளம்பரம் தப்பிச்சு இன்பாக்ஸுக்குள்ள வந்துட்டா என்ன நஷ்டம்? நாலு தடவை விரலால தள்ளணும். வரவேண்டிய ஒண்ணு வெளியே போயிட்டா? அந்த 'அன்சப்ஸ்க்ரைப்' டிப்ஸ் மெனக்கெட்டு முதல் தப்பைக் குறைக்குது, ரெண்டாவது தப்பைப் பத்தி யோசிக்கவே இல்ல.

இப்ப நான் பார்த்த ஒருத்தரைப் பத்தி சொல்றேன். அடையாளம் தெரியாம இருக்க சில விவரங்களை மாத்தியிருக்கேன்.

அறுபது தாண்டின ஒரு ஐயா. ரிட்டயர் ஆனவர். ஓ.பி-க்கு மனைவியோட வந்தார். ரெண்டு மாடி ஏறினா மூச்சு வாங்குது, உடம்பு இளைச்சிருக்கு. கண் இமையைக் கீழ இழுத்துப் பார்த்தா வெளுப்பு. ஹீமோகுளோபின் 7.4. இந்த வயசுல ஆம்பளைக்கு ரத்தம் இவ்வளவு குறைஞ்சா, உடம்புக்குள்ள எங்கயோ கசியுதான்னு பார்த்தே ஆகணும். இரும்புச்சத்து மாத்திரை கொடுத்து அனுப்புற விஷயம் இல்ல.

"இதுக்கு முன்னாடி எங்கயாவது எண்டோஸ்கோப்பி பண்ணீங்களா ஐயா?"

"பண்ணோம் சார். ரெண்டு மாசம் ஆச்சு. வயித்துல புண்ணு இருக்குன்னாங்க. சதை எடுத்து டெஸ்ட்டுக்கு அனுப்பியிருக்கோம், ரிப்போர்ட் மெயில்ல வரும்னு சொன்னாங்க. மாத்திரை கொடுத்தாங்க, வலி நின்னுடுச்சு."

"ரிப்போர்ட் வந்துச்சா?"

"வரல சார். வரலன்னா ஒண்ணும் இல்லன்னுதானே அர்த்தம்?"

அவர் மனைவி கையில போன் இருந்தது. "அந்த சென்டர் பேரைப் போட்டுத் தேடிப் பாருங்கம்மா"ன்னேன். ஒரு மெயில் வந்து நின்னுச்சு. ஒன்பது வாரத்துக்கு முன்னாடி வந்தது. 'படிச்சாச்சு'ன்னு குறிச்சிருந்தது. யாரும் படிச்சிருக்கல. இணைச்சிருந்த ரிப்போர்ட்டைத் திறந்தா, இரைப்பைப் புற்றுநோய்.

என்ன நடந்துச்சுன்னா, வெளியூர்ல வேலை பார்க்குற பையன் லீவுல வந்தப்ப, அப்பா போன்ல குப்பையா மெயில் வருதேன்னு லேப்டாப்ல உட்கார்ந்து அதே 'அன்சப்ஸ்க்ரைப்' ரூலைப் போட்டுக் கொடுத்திருக்கார். அந்த சென்டர் ரிப்போர்ட்டை மொத்தமா மெயில் அனுப்புற ஒரு சர்வீஸ் வழியா அனுப்புது. அதனால ரிப்போர்ட் மெயிலுக்கு அடியிலயும் அந்த வார்த்தை பொடி எழுத்துல இருந்திருக்கு. ரூல் தன் வேலையைச் சரியா செஞ்சுடுச்சு.

அந்த அல்சர் மாத்திரை இருக்கே, அது புற்றுநோய் புண்ணோட வலியையும் கொஞ்ச நாள் அடக்கும். அதனாலதான் வயித்துப் புண்ணுன்னா சதை எடுத்துப் பார்க்கச் சொல்றோம். வலியும் இல்ல, ரிப்போர்ட்டும் இல்ல. ஐயா நிம்மதியா இருந்திருக்கார்.

அன்னிக்கே மெடிக்கல் காலேஜுக்கு ரெஃபர் பண்ணினோம். சிகிச்சை நடந்துக்கிட்டு இருக்கு. இந்த ஒன்பது வாரம் என்ன வித்தியாசம் செஞ்சிருக்கும்னு உறுதியா யாராலும் சொல்ல முடியாது. ஆனா புற்றுநோய்ல காலதாமதம் யாருக்கும் லாபம் இல்ல.

பையனைக் குறை சொல்ல எனக்கு மனசு வரல. அப்பாவுக்கு நல்லது பண்ணணும்னுதான் செஞ்சார். அந்த சென்டரை நான் குறை சொல்வேன். பயாப்ஸில கேன்சர்னு வந்தா ஃபோன் பண்ணிக் கூப்பிடணும். எடுக்கலன்னா திரும்பப் பண்ணணும். மெயில் அனுப்பிட்டோம், எங்க கடமை முடிஞ்சதுன்னு சொல்றது சரியில்ல. பேஷன்ட் பக்கம் இருந்து ஒரே ஒரு வேண்டுகோள்: ரிப்போர்ட் வரலன்னா நார்மல்னு அர்த்தம் இல்ல. ரிப்போர்ட் வரலன்னுதான் அர்த்தம். தேதி கேட்டு வாங்குங்க, அந்தத் தேதியில நேர்ல போய் நில்லுங்க.

மருத்துவத்துல மட்டும்தான் இப்படின்னு நினைக்காதீங்க. வருமான வரித் துறையில இருந்து வருஷம் முழுக்க நினைவூட்டல் மெயிலா வரும். சலிச்சுப்போய் மொத்தத்தையும் ஒதுக்குற ரூல் போடுறவங்க உண்டு. அதே துறையில இருந்துதான் 'உங்க ரிட்டர்ன்ல குறை இருக்கு'ங்கிற நோட்டீஸும் வரும், பதில் சொல்ல 15 நாள்தான் டைம். லைஃப் இன்ஷூரன்ஸ் பிரீமியம் மறந்தா மாதத் தவணைக்கு 15 நாள், மத்ததுக்கு 30 நாள்னு கிரேஸ் பீரியட். அதுக்குள்ள அந்த நினைவூட்டலைப் பார்க்கலன்னா பாலிசி லேப்ஸ் ஆயிடும். குப்பை அனுப்புற அதே ஆள்தான் பல சமயம் முக்கியமானதையும் அனுப்புறார். சிக்கலே இதுதான்.

சரி, எப்படிப் போடணும்? பெரும்பாலானவங்க வெச்சிருக்குறது ஜிமெயில், அதையே எடுத்துக்கிறேன்.

போன் ஆப்ல ஃபில்டர் உருவாக்க வழி இல்ல. கம்ப்யூட்டர்ல பிரவுசர்லதான் போடணும். ஒரு தடவை போட்டுட்டா அப்புறம் போன்லயும் வேலை செய்யும், ஏன்னா அது கூகுளோட சர்வர்ல நடக்குது. மேல தேடுற கட்டத்தோட வலது ஓரத்துல சின்னதா ஒரு குறி இருக்கும், அதைத் தட்டினா ஒரு படிவம் விரியும். யார்கிட்ட இருந்து, என்ன தலைப்பு, என்ன வார்த்தை, இணைப்பு இருக்கா இல்லையான்னு கேட்கும்.

இங்க நான் சொல்ற முதல் விஷயம், வார்த்தையை வெச்சு ஒதுக்காதீங்க. அனுப்புறவரை வெச்சு ஒதுக்குங்க. 'ஆஃபர்', 'ரிப்போர்ட்', 'அன்சப்ஸ்க்ரைப்' எல்லாம் எந்த மெயிலுக்குள்ளயும் எங்க வேணா இருக்கலாம். வேலைக்கான ஆர்டர் மெயில்லயும் 'ஆஃபர்' இருக்கும். துணிக்கடை முகவரி துணிக்கடை முகவரிதான். பேங்க்லகூட விளம்பரத்துக்கு ஒரு முகவரி, பணம் எடுத்ததைச் சொல்ல இன்னொரு முகவரின்னு பல சமயம் வேற வேறயா இருக்கும். முழு முகவரியையும் பார்த்துப் போடுங்க, பேங்க் பேரை மட்டும் போட்டா ரெண்டும் சேர்ந்து போயிடும்.

ரெண்டாவது, இதைத்தான் ரொம்ப அழுத்திச் சொல்வேன். அந்தப் படிவத்துல 'கிரியேட் ஃபில்டர்' பக்கத்துலயே 'சர்ச்'னு ஒரு பட்டன் இருக்கும். அதை முதல்ல அழுத்துங்க. இதுவரைக்கும் வந்த மெயில்ல எதெல்லாம் இந்த ரூல்ல சிக்கியிருக்கும்னு காட்டும். ரெண்டு மூணு பக்கம் பொறுமையா கீழ வரைக்கும் பாருங்க. புது ஸ்கிரீனிங் டெஸ்ட்டை ஊருக்கே போடுறதுக்கு முன்னாடி, ஏற்கெனவே பதில் தெரிஞ்ச ஆட்கள்கிட்ட போட்டுப் பார்க்குற மாதிரி. அந்தப் பட்டியல்ல ஒரே ஒரு லேப் ரிப்போர்ட், ஒரே ஒரு காலேஜ் மெயில் இருந்தாலும் அந்த ரூல் வேண்டாம். அந்தப் பையன் இதை ஒரு தடவை செஞ்சிருந்தா, பழைய ரத்தப் பரிசோதனை ரிப்போர்ட் ஏதாவது கண்ணுல பட்டிருக்க வாய்ப்பு உண்டு.

அடுத்து, மெயிலை என்ன பண்ணணும்னு கேட்டு ஒரு பட்டியல் வரும். 'ஸ்கிப் த இன்பாக்ஸ்'னா இன்பாக்ஸுல காட்டாதே. 'மார்க் ஆஸ் ரீட்'னா படிச்சதா குறி. இந்த ரெண்டையும் சேர்த்து டிக் பண்ணாதீங்க. ஏதாவது ஒண்ணு போதும். இன்பாக்ஸுல காட்டலன்னாலும், ஓரத்துல அந்த லேபிள் பேர் தடிமனா எண்ணோட நின்னா, என்னிக்காவது ஒரு நாள் தட்டிப் பார்ப்பீங்க. ரெண்டையும் போட்டா வந்த சுவடே இருக்காது. 'டிலீட் இட்' பக்கமே போகாதீங்க. குப்பைத்தொட்டியில 30 நாள்தான் இருக்கும், அப்புறம் கூகுளே அழிச்சிடும். ஸ்பேமுக்கும் அதே 30 நாள்தான்.

முக்கியமானவங்களுக்கு ஒரு தனி ரூல் போடுங்க. இந்த வகை ரூலை யாரும் போடுறதே இல்ல. நீங்க டெஸ்ட் பண்ற லேப், பசங்க ஸ்கூல், பேங்க்கோட பரிவர்த்தனை முகவரி, பரீட்சை எழுதுறவங்களுக்குத் தேர்வு வாரியம். இவங்க முகவரிக்கு 'நெவர் செண்ட் இட் டு ஸ்பேம்', கூட ஒரு ஸ்டார், சிவப்பு நிறத்துல ஒரு லேபிள். இன்பாக்ஸை விட்டு நகர்த்தாதீங்க. ஜிமெயில்ல லேபிள்ங்கிறது ஃபோல்டர் மாதிரி பெட்டி இல்ல, ஒட்டுற சீட்டு. சீட்டு ஒட்டின மெயில் இன்பாக்ஸுலயே இருக்கலாம். கேஷுவாலிட்டில சிவப்பு டேக் கட்டின ஆளை யாரும் கண்ணுக்கு மறைவா வேற ரூமுக்கு அனுப்ப மாட்டோம். டாக்டர் டேபிளுக்கு எதிர்லயே படுக்க வைப்போம்.

அவுட்லுக் வெச்சிருக்குறவங்களுக்கு ரெண்டே வரி. அதுல ரூல்கள் மேல இருந்து கீழ வரிசையா ஓடும், 'ஸ்டாப் ப்ராசஸிங் மோர் ரூல்ஸ்'னு டிக் இருந்தா அதோட நின்னுடும். அதனால முக்கியமானவங்க ரூலை எல்லாத்துக்கும் மேல வைங்க. ஜிமெயில்ல அந்த வரிசை கிடையாது, பொருந்துற எல்லா ஃபில்டரும் ஒண்ணா வேலை செய்யும்.

நாப்பது ஃபோல்டர் வெச்சு அடுக்குறவங்களுக்கு ஒரு வார்த்தை. எங்க ஆபீஸ் சூப்பிரண்டு மாதிரி கட்டுக் கட்டா ஃபைல் போட ஆசைப்படுறவங்க நீங்க, எனக்குப் புரியுது. 2011-ல ஐ.பி.எம் ஆராய்ச்சியாளர்கள் 345 பேரோட மெயில் பழக்கத்தைப் பார்த்தாங்க. கஷ்டப்பட்டு ஃபோல்டர்ல அடுக்கினவங்க, பழைய மெயிலைத் தேடி எடுக்குறதுல மத்தவங்களை விட வேகமா இல்ல. பேரைப் போட்டுத் தேடுறவங்களுக்குத்தான் சீக்கிரம் கிடைச்சுது. அதனால கண்டுபிடிக்கிறதுக்காக ஃபோல்டர் போடாதீங்க. சத்தத்தைக் குறைக்க மட்டும் போடுங்க. அதுக்கு மூணு நாலு லேபிள் தாராளம். விளம்பரத்துக்கு 'ஆறப்போட்டது'ன்னு ஒண்ணு வெச்சிருக்கேன். ஞாயித்துக்கிழமை சாயங்காலம் ஒரு அஞ்சு நிமிஷம் அதுலயும் ஸ்பேம்லயும் மேலோட்டமா கண்ணை ஓட்டுவேன். பச்சை ஏரியாவுல உட்கார்ந்திருக்கிறவரையும் ஸ்டாஃப் நர்ஸ் ரவுண்ட்ஸ் போய்த் திரும்பத் திரும்பப் பார்ப்பாங்க இல்லையா, அது போலத்தான். காலையில பச்சையில இருந்தவர் மதியம் சிவப்பு ஆகலாம்.

கடைசியா ஒண்ணு இருக்கு. ஃபில்டர் போடவே மாட்டேன்னு சொல்றவங்களும் இதைப் படிக்கணும்.

உங்க மெயிலுக்குள்ள திருடன் நுழைஞ்சா அவன் செய்யுற வேலைகள்ல ஒண்ணு, உங்க பேர்ல ஒரு ஃபில்டர் போடுறது. பேங்க்ல இருந்து வர்ற எச்சரிக்கை மெயில் எல்லாம் உங்க கண்ணுல படாம போற மாதிரியோ, ஒரு காப்பி அவன் முகவரிக்குப் போற மாதிரியோ போட்டு வெச்சிடுவான். கம்பெனிகள்ல பில் பணத்தை வேற அக்கவுண்ட்டுக்குத் திருப்புற மோசடியிலயும் இதே வழிதான். இதுல கொடுமை என்னன்னா, நீங்க பாஸ்வேர்டை மாத்தினாலும் அந்த ஃபில்டர் அப்படியே இருக்கும். ஆன்டிபயாட்டிக் கொடுத்துக் காய்ச்சலை இறக்கிட்டு, உள்ள இருக்குற சீழ்க்கட்டியை எடுக்காம விட்ட மாதிரி.

அதனால அடுத்த தடவை ஊருக்குப் போகும்போது அப்பா அம்மாவோட ஜிமெயிலை ஒரு கம்ப்யூட்டர்ல திறங்க. செட்டிங்ஸ்ல 'சீ ஆல் செட்டிங்ஸ்' போய், 'ஃபில்டர்ஸ் அண்ட் பிளாக்டு அட்ரஸஸ்' பக்கத்துல இருக்குற ஒவ்வொரு வரியையும் படிச்சு, யார் போட்டது, எதுக்குப் போட்டதுன்னு கேளுங்க. பக்கத்துலயே ஃபார்வர்டிங் பக்கம் இருக்கும், அதுல தெரியாத முகவரி இருந்தா உடனே எடுத்துடுங்க, பாஸ்வேர்டை மாத்துங்க, ரெண்டு கட்ட சரிபார்ப்பைப் போடுங்க. பணம் ஏதாவது போயிருந்தா தாமதிக்காம 1930-க்குக் கூப்பிடுங்க, சைபர் மோசடிக்கான தேசிய உதவி எண் அது.

அப்படியே அந்தத் தேடுற கட்டத்துல அவங்க டெஸ்ட் பண்ற லேப் பேரை ஒரு தடவை போட்டுப் பாருங்க.